தலித், பார்வையற்றவர், பெண்: மூன்றையும் ஒன்றாகப் பார்க்கச் சட்டத்துக்குத் தெரியுமா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

பட்டான் ஜமால் வலி எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில் 2021 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை இந்த வாரம்தான் முழுவதுமாகப் படித்தேன். நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், எம்.ஆர். ஷா. இதைப் பற்றிப் பேச ஆள் வேண்டும், அதனால் இந்த இழை.

வழக்கு இதுதான். 2011 மார்ச்சில் கர்நூல் மாவட்டத்தில் பிறவியிலேயே பார்வை இல்லாத, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண், தன் வீட்டிலேயே வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார். குற்றவாளி அவருடைய சகோதரர்களோடு பழகியவன். அவன் குரல் அவருக்குத் தெரியும். அந்தக் குரலை வைத்தே அடையாளம் சொன்னார். பார்வையற்றவரின் சாட்சியம் மற்றவர்களுடையதைவிட எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல என்று நீதிமன்றம் எழுதியிருக்கிறது. பெண் என்பது, பட்டியல் சாதி என்பது, பார்வையின்மை என்பது ஆகிய மூன்றும் தனித்தனிச் சுமைகள் அல்ல, ஒன்றோடொன்று பிணைந்து அவரை இந்த இடத்தில் நிறுத்தின என்றும் பல பக்கங்களுக்கு விளக்கியிருக்கிறது. குறுக்குவெட்டுப் பார்வை என்று கல்விப்புலத்தில் சொல்கிறார்களே, அதை இந்திய நீதிமன்றம் ஒன்று இவ்வளவு விரிவாக எடுத்தாண்டு நான் படித்ததில்லை.

பிறகு என்ன செய்தது? வல்லுறவுக்கான ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கீழ் நீதிமன்றங்கள் கொடுத்த தண்டனையை ரத்து செய்தது. சாதி காரணமாகத்தான் இக்குற்றம் நடந்தது என்பதற்கு அரசுத் தரப்பு தனியாகச் சாட்சியம் எதையும் வைக்கவில்லையாம்.

மூன்றும் பிரிக்க முடியாதபடி பிணைந்தவை என்று சொன்ன அதே தீர்ப்பு, சாதியை மட்டும் தனியே பிரித்து எடுத்துக் காட்டு என்கிறது. எனக்கு இது விளங்கவில்லை. சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கரூர் வழக்கறிஞர்

விளக்க முயல்கிறேன். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பிரிவு 3(2)-இன் ஐந்தாம் கூறு என்று ஒன்று உண்டு. பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தை, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த ஒருவர் மீது, அவர் அந்தச் சமூகத்தவர் 'என்ற காரணத்தால்' செய்தால் ஆயுள் தண்டனை. அந்தச் சொற்களில்தான் வழக்குகள் சரிந்தன. 2006-இல் ராம்தாஸ் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில், பாதிக்கப்பட்ட பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தார் என்பது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பின் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புக்கு ஒரே கேள்வி போதுமானதாக இருந்தது: அவன் சாதிப் பெயரைச் சொன்னானா, சொல்லவில்லையா?

நாடாளுமன்றம் இதைத் திருத்தியது. 2016 ஜனவரி 26 முதல், பாதிக்கப்பட்டவர் அந்தச் சமூகத்தவர் என்று 'தெரிந்தே' செய்திருந்தால் போதும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவரையோ அவர் குடும்பத்தையோ நேரடியாகத் தெரிந்திருந்தால், சாதியும் தெரிந்திருக்கும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று 8-ஆவது பிரிவிலும் ஒரு கூறு சேர்ந்தது. கர்நூல் வழக்கில் அவன் வீட்டாருக்குத் தெரிந்தவன். குற்றம் 2016-க்குப் பிறகு நடந்திருந்தால் அந்தத் தண்டனை பெரும்பாலும் நின்றிருக்கும். நடந்தது 2011-இல். குற்றவியல் சட்டத்தைப் பின்னோக்கிச் செலுத்த முடியாது.

வைகைக்கரை கவனிக்காமல் விட்ட ஓர் இடம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 'என்ற காரணத்தால்' என்பதை 'அந்த ஒரே காரணத்தால்' என்று படிக்கக் கூடாது, சாதி காரணங்களுள் ஒன்றாக இருந்தாலே போதும் என்று நீதிமன்றம் சொல்கிறது. பழைய வழக்குகளை நடத்துகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆகவே நீதிபதிகள் மீது மட்டும் கோபப்படாதீர்கள். சாட்சியக் கூண்டில் அந்தக் கேள்வியையே கேட்காமல் விட்ட அரசுத் தரப்பையும் பாருங்கள்.

---

ஈரோடு குமரன்

வல்லுறவு வல்லுறவுதான். ஆயுள் தண்டனை கிடைத்துவிட்டது. இன்னொரு சட்டத்தில் இன்னொரு ஆயுள் எதற்கு? ஒரே ஆளை இரண்டு முறை சிறையில் வைக்க முடியுமா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்கள் உருவாக்கிய ஒரு கருத்தை இங்கே இறக்கி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். எல்லாப் பெண்களுக்கும் ஒரு சட்டம், ஒரு காவல் நிலையம், ஒரு நியாயம். அதைச் சரியாகச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

---

தாமரைச்செல்வி

குமரன் அவர்களே, பேராசிரியர் கண்டுபிடித்ததல்ல அது. வேலை இழந்த ஐந்து கறுப்பினப் பெண்கள் கொண்டுபோன வழக்கு அது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. பிறகு எடுத்தது. மந்தம் வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்ற விதிப்படி அவர்கள் வேலை போயிற்று. நீதிமன்றம் 1976-இல் என்ன சொன்னது? நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறதே! வைத்திருந்தது, வெள்ளையினப் பெண்களை. இனப் பாகுபாடு என்றால் அதைத் தனியே கொண்டுவாருங்கள். இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒரு வகையை உண்டாக்க முடியாது. இந்தத் தீர்ப்பையும் இதுபோன்றவற்றையும் எடுத்துத்தான் 1989-இல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லி கிரென்ஷா, குறுக்குவெட்டுப் பார்வைக்குப் பெயர் தந்த கட்டுரையை எழுதினார். முதலில் வந்தது வழக்கு.

நம் ஊருக்கு வருவோம். 1992, ராஜஸ்தானின் பட்டேரி கிராமம். பன்வாரி தேவி மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' என்ற களப்பணியாளர். குயவர் சமூகத்தைச் சேர்ந்தவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார், அதுதான் அவருடைய வேலை. அதற்காக ஆதிக்க சாதி ஆண்கள் அவரைக் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கினார்கள். 1995-இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மேல்சாதி ஆண்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்ற வாதம் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. சாதியை வைத்துத்தான் அவருக்கு நியாயம் மறுக்கப்பட்டது.

அந்த வழக்கின் தாக்கத்தில்தான் 1997-இல் விசாகா நெறிமுறைகள் வந்தன. நம் அலுவலகங்களில் பாலியல் தொல்லைப் புகார்க் குழு இருக்கிறதென்றால் அந்தப் பெண்ணால்தான். ஆனால் அந்த நெறிமுறைகளை எடுத்துப் படியுங்கள்: சாதி என்ற பேச்சே கிடையாது. பணியிடம் இருக்கிறது, பெண் இருக்கிறாள், தொல்லை இருக்கிறது. பட்டேரியில் நடந்ததில் பாதியை வெளியே நிறுத்திவிட்டுத்தான் சட்டம் உள்ளே வந்தது.

2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு சிறு முன்னேற்றம் உண்டு. மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவில் நியமிக்கப்படுபவர்களுள் ஒருவராவது பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகியோருள் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். நிறுவனங்களுக்குள் இருக்கும் உள்ளகக் குழுவுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஏன் இல்லை என்று யோசித்துப் பாருங்கள். அலுவலகம் என்றால் அங்கே சாதி இருக்காது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

---

நெல்லைச் சீமை

இரண்டு ஆயுள் தண்டனை பற்றிய குமரனின் கேள்விக்கு ஒரு வரி: வன்கொடுமைச் சட்டம் வந்தால் தண்டனை மட்டும் கூடுவதில்லை. புலனாய்வு செய்பவர் மாறுகிறார், முன்ஜாமீன் கிடையாது, நிவாரணம் உடனே தொடங்குகிறது. தண்டனை கடைசி அத்தியாயம்.

---

மௌனராகம்

நான் காது கேளாதோருக்கான சிறப்பாசிரியர். சைகை மொழிபெயர்ப்புக்காகக் காவல் நிலையங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் போய் வருகிறேன். இந்த இழையில் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது.

2013 குற்றவியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிப் பெண் பாலியல் குற்றப் புகார் கொடுத்தால், போலீஸ் அதிகாரி அவர் வீட்டுக்கோ அவருக்கு வசதியான இடத்துக்கோ போக வேண்டும். மொழிபெயர்ப்பாளரோ சிறப்பாசிரியரோ உடனிருக்க வேண்டும். வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டத்திலும் இது தொடர்கிறது.

நடப்பில் என்ன? பள்ளிக்கே போகாத காது கேளாத பெண்களுக்கு நாங்கள் கற்பிக்கும் சைகை மொழி தெரியாது. வீட்டில் தாமாக உருவாக்கிக்கொண்ட சைகைகள்தான். அதைப் புரிந்துகொள்ள முதலில் அவரோடு சில மணி நேரம் உட்கார வேண்டும். அவ்வளவு நேரம் யாரும் தருவதில்லை. 'அம்மாவுக்குப் புரிகிறதே, அவரே சொல்லட்டும்' என்று முடித்துவிடப் பார்க்கிறார்கள். அம்மாவும் அண்ணனும் சொல்லும்போது அவர்களுக்கு எது சொல்லத் தகுந்ததோ அதுதான் பதிவாகிறது. குற்றவாளி உறவினராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நான் போனால் என் வேலை மொழிபெயர்ப்பு. என்ன நடந்தது, எங்கே, எப்போது, யார் என்று கேட்பதைச் சைகையில் கேட்கிறேன். அந்தப் பெண்ணின் சாதி என்ன, எதிராளியின் சாதி என்ன, ஊரில் இவர்கள் வீடு எந்தப் பக்கம் என்று கேட்கும்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. மாற்றுத்திறனாளி நலத்துறைக்காரர் அடையாள அட்டையைப் பார்க்கிறார். மகளிர் காவலர் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். அவரவர் வேலையை அவரவர் முறையாகத்தான் செய்கிறார்கள். முதல் தகவல் அறிக்கையில் சாதி இருப்பதில்லை.

கர்நூல் வழக்கில் 'தனியாகச் சாட்சியம் இல்லை' என்று நீதிமன்றம் சொன்னதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இல்லை.

---

கரூர் வழக்கறிஞர்

மௌனராகம் சொன்ன இடத்தில்தான் வழக்கு தோற்கிறது. அதன் பின்விளைவையும் சொல்லிவிடுகிறேன்.

வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி புலனாய்வு செய்ய வேண்டும் என்பது 1995-ஆம் ஆண்டு விதிகளில் 7-ஆவது விதி. முதல் தகவல் அறிக்கையில் சாதி விடுபட்டால் ஆய்வாளர் புலனாய்வைத் தொடங்கிவிடுவார். சில வாரம் கழித்து யாராவது சுட்டிக்காட்டிப் பிரிவைச் சேர்ப்பார்கள். அதற்குள் முக்கியமான சாட்சிகளின் வாக்குமூலங்கள் தகுதியற்ற அதிகாரியின் கையால் பதிவாகியிருக்கும். எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

நிவாரணமும் அப்படியே. 2016 திருத்த விதிகளின்படி வல்லுறவுக்கு 5 லட்சம் ரூபாய். பாதித் தொகை மருத்துவப் பரிசோதனை முடிந்து உறுதியானதுமே கிடைக்க வேண்டும். கால் பங்கு குற்றப்பத்திரிகையோடு, கால் பங்கு விசாரணை நீதிமன்றத்தில் வழக்கு முடிந்ததும். ஊரை விட்டு வேறிடத்தில் தங்க வேண்டிய குடும்பத்துக்கு அந்த முதல் பாதிதான் உயிர். பிரிவு சேரும்வரை அந்தப் பணம் வராது. அதற்குள் ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேசி முடித்துவிடுவார்கள்.

---

அந்தோணியார் தெரு

நிவாரணம் பற்றிப் பேசுகிறீர்கள். நாங்கள் கிறித்தவர்கள். 1950-ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களே பட்டியல் சாதியினர். சீக்கியரை 1956-இலும் பௌத்தரை 1990-இலும் சேர்த்தார்கள். எங்களைச் சேர்க்கவில்லை. எங்கள் தெரு எது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், தேவாலயத்தில்கூடத் தெரியும், கல்லறையிலும் தெரியும். எங்கள் பெண்ணின் மேல் கை வைப்பவனுக்கும் தெரியும். சட்டத்துக்கு மட்டும் தெரியாது.

'தெரிந்தே' என்று சட்டத்தைத் திருத்தினார்களாம். நல்லது. தெரிந்தே செய்தவன் தப்பிக்க இன்னொரு வழி மிச்சம் இருக்கிறது.

---

ஈரோடு குமரன்

இப்போது என் கேள்வி இன்னும் வலுக்கிறது. ஒவ்வொருவராக வந்து இன்னொரு வகை, இன்னொரு விடுபடல் என்று சொல்லிக்கொண்டே போகிறீர்கள். மதம், மொழி, ஊனம், பாலின அடையாளம், புலம்பெயர்ந்தவர், விதவை, வயது. காவல் நிலையத்தில் இருக்கும் ஓர் எழுத்தர் எத்தனை கட்டங்களை நிரப்புவார்? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்திய சராசரி 29.3. இது எல்லாச் சாதியிலும் நடப்பது. பொதுவான நோய்க்குப் பொதுவான மருந்துதானே வேண்டும்? சிறு சிறு பிரிவுகளுக்காக வரைந்து வரைந்து பெரும்பான்மையை மறந்துவிடுகிறோம்.

---

ஆலோசகர் 12

குமரன் கேட்டது நியாயமான கேள்வி, கிண்டல் செய்து ஒதுக்க வேண்டாம். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் ஒன்றில் வேலை பார்த்திருக்கிறேன், அதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

நீங்கள் எடுத்த அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. வன்முறையை அனுபவித்த பெண்களில் நாடு முழுவதும் 14 சதவீதம் பேர்தான் உதவி தேடினார்கள். அவர்களிலும் பெரும்பாலானவர்கள் போனது தாய்வீட்டுக்கு. 'எல்லாருக்கும் பொது' என்று திறந்து வைத்த கதவின் வழியே வருகிறவர்கள் மிகச் சிலரே. வராதவர்கள் யார் என்று கேட்டால்தான் கதவை எங்கே வைப்பது என்று தெரியும்.

சில உதாரணங்கள். மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம். அதன்பின் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். மனநலச் சிகிச்சையில் இருக்கும் பெண்ணைப் பெண்கள் இல்லம் எடுக்கத் தயங்கும், 'மனநல இல்லத்துக்கு அனுப்புங்கள்' என்பார்கள். மனநல இல்லத்தில், 'இவருக்குக் குடும்ப வன்முறைதானே பிரச்சினை' என்பார்கள். நாங்கள் இரண்டு தொலைபேசிகளுக்கும் நடுவே உட்கார்ந்திருப்போம். சக்கர நாற்காலியில் வந்தவரைப் படியில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். அவர் மறுநாளே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு முதலாளி வீடுதான் பணியிடம். அங்கே உள்ளகக் குழு கிடையாது. உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். முகாந்திரம் இருந்தால் ஏழு நாளில் அந்தக் குழு போலீசுக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அப்படி ஒரு குழு இருப்பதே தெரியாத பெண்கள்தான் எங்களிடம் வந்தார்கள்.

திருநங்கையர் பற்றி யாரும் பேசவில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி, அவர்கள் மீதான பாலியல் வன்முறைக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. பெண் மீதான வல்லுறவுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு. 'எல்லாருக்கும் ஒரு நியாயம்' எங்கே இருக்கிறது, குமரன்? சட்டப் புத்தகத்திலேயே இல்லையே.

---

நிர்வாகி

தனிப்பட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களின் பெயரோ ஊரோ அடையாளமோ எழுத வேண்டாம். ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். விவாதம் தொடரட்டும்.

---

ஹட்டன் மகள்

வணக்கம், இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் விவாதம் சாதியிலும் ஊனத்திலும் நிற்கிறது. எங்களுக்கு முதல் சுவர் மொழி.

இலங்கையில் 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு பெறலாம். சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இறங்கிப் பொலிஸ் நிலையத்துக்கு வரும் தமிழ்ப் பெண்ணின் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதுகிறார்கள். அவள் தமிழில் சொன்னதற்கும் சிங்களத்தில் எழுதியதற்கும் நடுவில் என்ன விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது, கையொப்பம் மட்டும் போடுவாள். இரண்டும் அரச கரும மொழிகள் என்று அரசியலமைப்பில் இருப்பது அந்த மேசைக்கு எட்டவில்லை.

இன்னொன்று, லயத்து வீடு அவளுடையது அல்ல. தோட்டத்து வேலையை விட்டால் வீடும் போகும். 'வீட்டை விட்டு அவனை வெளியேற்று' என்ற உத்தரவை வாங்கிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போவது? கொழும்பில் பயிற்சிப் பட்டறை நடத்துகிறவர்கள் இதைக் கேட்டால் 'அது தோட்டப் பிரச்சினை' என்கிறார்கள்.

---

தாமரைச்செல்வி

'அது தோட்டப் பிரச்சினை', 'அது மனநலப் பிரச்சினை', 'அது சாதிப் பிரச்சினை'. ஒரே ஆள் பேசுவது போலவே இருக்கிறது.

---

நூற்பாலைத் தங்கை

திண்டுக்கல் பக்கம் நடந்ததைச் சொல்லாமல் இந்த இழை முடியக் கூடாது.

2021 ஜனவரியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். பெண்கள் தலைமையில், பெரும்பாலும் தலித் பெண்களை உறுப்பினர்களாகக் கொண்டு இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு பக்கம் சங்கமும் அதன் கூட்டாளி அமைப்புகளும், மறுபக்கம் ஆடை உற்பத்தியாளர். எச்&எம், கேப், பி.வி.எச். ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களும் தனி ஒப்பந்தங்களால் கட்டுப்பட்டன. 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதன் கீழ் வந்தார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்தது: பாலின வன்முறை என்று எழுதும்போதே சாதியையும் புலம்பெயர்ந்து வந்தவர் என்ற நிலையையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். தனி அத்தியாயமாக இல்லை. தையல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களையே கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். மேற்பார்வையாளர் கத்தும்போது அவர் கத்துவது 'உற்பத்தி இலக்குக்காகவா', 'பெண் என்பதாலா', 'அந்தத் தெருப் பெண் என்பதாலா' என்று பிரித்து நிரூபிக்கும் வேலை பாதிக்கப்பட்டவள் தலையில் விழவில்லை. வடமாநிலத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்ணுக்கும் அதே வழி.

சட்டம் முப்பது ஆண்டாகத் தடுமாறும் இடத்தில் ஒரு தொழிற்சங்கம் ஒரே பத்தியில் எழுதிவிட்டது. மேசையில் உட்கார்ந்து எழுதியவர்கள் அந்த வரிசையில் வேலை பார்த்தவர்கள், அதனால் முடிந்தது என்று நினைக்கிறேன்.

---

ஈரோடு குமரன்

தொழிற்சாலையில் வாங்குபவர் பயம் இருக்கிறது, ஆர்டர் போய்விடும் என்ற பயம். காவல் நிலையத்துக்கு எந்த எச்&எம் வந்து நிற்கப் போகிறது? ஆனால் 18-ஆவது பிரிவு பற்றி ஆலோசகர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அது அநியாயம்தான்.

---

வைகைக்கரை

இவ்வளவையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது: கட்டங்களைக் கூட்டுவது பற்றிக் குமரன் பயப்படுகிறார். மௌனராகம் சொல்வதைப் பார்த்தால் கட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, தனித்தனி அலுவலகங்களில். அடையாள அட்டை ஒரு துறையில், சாதிச் சான்று இன்னொன்றில், மருத்துவ அறிக்கை மூன்றாவதில். முதல் நாளில் அவை ஒரு மேசைக்கு வந்து சேர வேண்டும். பாலின வன்முறைத் தரவுகளை ஊனத்தையும் ஓர் அளவுகோலாக வைத்துப் பிரித்துப் பராமரிப்பதைப் பரிசீலிக்கும்படி தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்திடம் அந்தத் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. ஒரு வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கொடியதை மட்டும் எண்ணுவது அந்தக் காப்பகத்தின் வழக்கம். எண்ணும் இடத்திலேயே மற்றவை உதிர்ந்துவிட்டால் கொள்கை எழுதுகிறவருக்கு எது மிஞ்சும்?

சரி, பேச்சோடு நிற்க வேண்டாம். கரூர் வழக்கறிஞரிடம் ஒரு வேண்டுகோள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்க முடியுமா?

---

கரூர் வழக்கறிஞர்

எழுதிவிட்டேன். இரண்டு அலுவலகங்களுக்கு இரண்டு மனுக்கள், தலா 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு: உள்ளூர்ப் புகார்க் குழுவில் இன்று உறுப்பினராக இருப்பவர்கள் யார், கடைசியாக எப்போது நியமிக்கப்பட்டார்கள், சட்டம் கேட்கும் ஒதுக்கீட்டுப் பெண் உறுப்பினர் இருக்கிறாரா, வீட்டு வேலை செய்யும் பெண்களிடமிருந்து வந்த புகார்கள் எத்தனை, அவற்றில் போலீசுக்கு அனுப்பியவை எத்தனை.

மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு: சைகை மொழிபெயர்ப்பாளர்கள், சிறப்பாசிரியர்கள் பட்டியல் இருக்கிறதா, அவர்களுக்குக் கட்டணம் எந்த நிதித் தலைப்பில் வழங்கப்படுகிறது, மாற்றுத்திறனாளிப் பெண்களின் பாலியல் குற்றப் புகார்களில் வீடியோவில் பதிவானவை எத்தனை, வன்கொடுமைச் சட்டப் பிரிவு பின்னர் சேர்க்கப்பட்ட வழக்குகள் எத்தனை.

கேள்விகளில் 'ஏன்' வேண்டாம், 'கருத்துக் கேட்கிறீர்கள்' என்று திருப்பிவிடுவார்கள். பதிலுக்கு 30 நாள்.

---

மௌனராகம்

கட்டணம் பற்றிய கேள்விக்கு நன்றி ஐயா. பஸ் கட்டணம்கூட நான் கையிலிருந்துதான் போடுகிறேன். திருச்சிக்கு நான் அனுப்புகிறேன்.

---

அந்தோணியார் தெரு

சிவகங்கைக்கு என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

---

ஈரோடு குமரன்

ஈரோட்டுக்கு நான் போடுகிறேன். பதில் வந்தால் இங்கேயே ஒட்டுகிறேன், யார் சொன்னது சரி என்று அப்போது பார்த்துக்கொள்வோம்.